எரியும் காற்று எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூட லேபில் நீங்களும் செய்திருப்பீர்கள். நான்கு சோதனைக் குழாய்கள். நான்கிலும் நீர்த்த அமிலம். ஒன்றில் துத்தநாகத் துண்டு, அடுத்ததில் இரும்பு ஆணி, மூன்றாவதில் வெள்ளீயம், கடைசியில் செம்புக் கம்பி. துத்தநாகம் போட்ட மாத்திரத்தில் புஸ்ஸென்று பொங்கும். இரும்பு கொஞ்சம் நிதானம். வெள்ளீயத்தைச் சூடுபடுத்திக் கெஞ்ச வேண்டும். செம்பு? மணி அடிக்கும் வரை காத்திருந்தாலும்... ம்ஹூம்! பொங்குகிற குழாயின் வாயருகே எரியும் தீக்குச்சியைக் கொண்டுபோனால், 'பாப்' என்று ஒரு குட்டி வெடிச் சத்தம். வாத்தியார் "ஹைட்ரஜன்" என்பார். ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அத்தோடு மறந்துவிட்டோம்.

ஆனால், அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? உலோகத்திலிருந்தா, அமிலத்திலிருந்தா, அதில் கலந்த தண்ணீரிலிருந்தா? சாதாரணக் கேள்வியாகத்தான் தெரியும். இதற்குச் சரியான பதில் கிடைக்க ஐரோப்பாவுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. நடுவில் ஒரு பலூன் பறந்தது, ஒரு யுத்தம் நடந்தது, ஒரு மாமேதையின் தலை உருண்டது!

லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் என்று ஒரு மனுஷர் இருந்தார். 1731-ல் பிறந்தவர். டெவன்ஷயர் பிரபுக்களின் வம்சம். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஆனால் ஆசாமிக்கு மனிதர்கள் என்றாலே உதறல். அதிலும் பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டு வேலைக்காரியிடம்கூடப் பேச மாட்டார். இன்றைக்கு என்ன சாப்பாடு என்பதைச் சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிடுவார். மாடிப்படியில் ஒருமுறை வேலைக்காரப் பெண் எதிரே வந்துவிட, அதன்பிறகு தனக்கென்று பின்பக்கமாக ஒரு படிக்கட்டு கட்டிக்கொண்டாராம். ராயல் சொசைட்டி விருந்துகளுக்கு மட்டும் தவறாமல் வருவார். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் முகத்தைப் பார்க்கக் கூடாது. சும்மா காற்றோடு பேசுவதுபோல் பேச வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் பதில் வரும்!

மனிதர்களிடம் இப்படி. ஆனால், தராசிடமும் குடுவையிடமும் அவருக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

இரும்புத் தூளை அமிலத்தில் போட்டால் தீப்பிடிக்கும் காற்று வருகிறது என்பது கேவண்டிஷுக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். 1671-லேயே ராபர்ட் பாயில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பாயில் பார்த்தது ஒரு வேடிக்கை. கேவண்டிஷ் செய்தது வேறு. அளந்தார்!

1766-ம் வருஷம். வயது 34. ஒரு பாட்டிலில் உலோகம், அதன்மேல் நீர்த்த அமிலம். பாட்டில் வாயிலிருந்து வளைந்த ஒரு குழாய். அதன் மறுமுனை, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த இன்னொரு பாட்டிலுக்குள். வருகிற காற்று உள்ளே ஏற ஏற, தண்ணீர் கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு காற்று. ஒரு அவுன்ஸ் தண்ணீர் பிடித்துக்கொள்கிற இடத்தை ஓர் அளவாக வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

ஒரு அவுன்ஸ் துத்தநாகம் கரைந்தால் 356 அளவு காற்று. ஒரு அவுன்ஸ் இரும்புக் கம்பிக்கு 412. ஒரு அவுன்ஸ் வெள்ளீயத் தகடுக்கு 202. இந்த மூன்று எண்களையும் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஓர் ஆச்சரியத்தைக் கவனித்தீர்களா? துத்தநாகம் ஏகப்பட்ட ஆர்ப்பாட்டத்தோடு பொங்குகிறது, சூடேறுகிறது. ஆனால் அதைவிட நிதானமான இரும்புதான் அதிகக் காற்று தருகிறது! வேகம் வேறு, அளவு வேறு. லேபில் நாம் பார்த்துக்கொண்டிருந்தது வேகத்தை மட்டும்தான். கேவண்டிஷ் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்.

அடுத்து ஆளை மாற்றாமல் அமிலத்தை மாற்றினார். துத்தநாகத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்தாலும் சரி, அப்போது 'உப்புச் சாரம்' என்று அழைக்கப்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தாலும் சரி... அதே 356. இரும்புக்கு அமிலத்தின் எடையில் ஒன்றரை மடங்கு தண்ணீர் சேர்த்தார். பிறகு ஏழு மடங்கு. காற்றின் அளவு அசையவில்லை.

செம்பையும் விடவில்லை. உப்புச் சாரத்தில் போட்டுச் சூடாக்கினார். ஏதோ ஒரு காற்று வந்தது. ஆனால், தண்ணீரைத் தொட்டவுடனே காணாமல் போய்விட்டது! அது எரியும் காற்று இல்லை. அந்த அமிலத்தின் ஆவியேதான், தண்ணீரில் கரைந்து ஓடிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஆக, நீர்த்த அமிலத்தில் எரியும் காற்றைத் தருகிற உலோகங்கள் தனக்குத் தெரிந்து மூன்றே மூன்று என்று எழுதினார் கேவண்டிஷ்: துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம்.

(வீட்டில் ஒரு சந்தேகம் வரும். 'அமிலம் செம்பை ஒன்றும் செய்யாதென்றால், பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊறினால் ஏன் களிம்பு பிடிக்கிறது? எதற்கு ஈயம் பூசினோம்?' அங்கே காரியத்தைக் கெடுப்பது அமிலம் மட்டுமில்லை, வெளிக்காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் குமிழி வராமலே செம்பு மெல்லக் கரைகிறது.)

இப்போது ஒரு நீதிபதி மாதிரி உட்கார்ந்து யோசியுங்கள். அமிலத்தை மாற்றினாலும் காற்றின் அளவு மாறவில்லை. தண்ணீரைக் கூட்டினாலும் மாறவில்லை. உலோகத்தை மாற்றினால் மட்டும் மாறுகிறது. அப்படியானால் காற்று எங்கிருந்து வருகிறது?

உலோகத்திலிருந்து! நீங்களும் நானும் அப்படித்தான் தீர்ப்பு எழுதியிருப்போம். கேவண்டிஷும் அப்படித்தான் எழுதினார். அந்தக் காலத்து விஞ்ஞானமும் அதற்குத் தோதாக இருந்தது. எரிகிற பொருள் எல்லாவற்றிலும் 'ஃப்ளாஜிஸ்டன்' என்று ஒரு சமாசாரம் ஒளிந்திருக்கிறது, எரிதல் என்பது அது வெளியேறுவதுதான் என்று ஜெர்மானியரான ஸ்டால் சொல்லிவைத்திருந்தார். உலோகம் என்றால் சாம்பலும் ஃப்ளாஜிஸ்டனும் சேர்ந்தது. அமிலம் சாம்பலை விழுங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஃப்ளாஜிஸ்டன் குமிழியாகக் கிளம்புகிறது. அதனால்தான் அது எரிகிறது, அதனால்தான் அவ்வளவு லேசாக இருக்கிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ராயல் சொசைட்டி அந்த வருஷமே அவருக்குக் காப்லே பதக்கம் கொடுத்தது.

அளவு சரி. தீர்ப்பு தப்பு!

அந்தக் கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது. எரியும் காற்று, சாதாரணக் காற்றைவிடப் பதினோரு மடங்கு லேசு. (இன்றைய கணக்கில் பதினாலு மடங்குக்கு மேல்.) லேசானது மேலே போகும். இது கேவண்டிஷ் வீட்டுச் சமையல்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனாலும் அதை வைத்து எதையாவது பறக்கவிடலாம் என்பது செயலாக மாறப் பதினாறு வருஷம் ஆயிற்று. 1782-ல் டைபீரியஸ் கவல்லோ என்ற இத்தாலியர் லண்டனில் அந்தக் காற்றை அடைத்துச் சோப்புக் குமிழி விட்டார். குமிழிகள் கூரைக்குப் போயின. கூடவே காகிதப் பையையும் முயன்று பார்த்தார். காற்று காகிதம் வழியாகவே கசிந்து ஓடிவிட்டது.

அடுத்த வருஷம் பிரான்ஸ். ஜூன் மாதம் மான்கோல்ஃபியே சகோதரர்கள் சூடான காற்றை அடைத்துப் பலூன் விட்ட செய்தி பாரீஸை உலுக்கியது. அங்கே ஷாக் ஷார்ல் என்ற பௌதிக ஆசிரியர், பட்டுத் துணியில் ரப்பர் கரைசலைப் பூசித் தைக்க வைத்தார். துணியைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் ராபர்ட் சகோதரர்கள். சுமார் 4 மீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதை நிரப்பச் செலவான சரக்கைக் கேளுங்கள்: ஏறக்குறைய 500 கிலோ இரும்பு, 250 கிலோ கந்தக அமிலம்! நாம் சோதனைக் குழாயில் செய்ததைப் பீப்பாயில் செய்தார்கள். நாலு நாள் ஆயிற்று.

ஆகஸ்ட் 26 நள்ளிரவில் அந்த உருண்டையைத் தீவட்டி வெளிச்சத்தில் வண்டியேற்றிக்கொண்டு போனார்கள். வழியில் பார்த்த வண்டிக்காரர்கள் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டார்கள் என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் மாலை 5 மணி. பீரங்கி முழங்கியது. மழை கொட்டியது. கூட்டம் நனைந்தபடி அண்ணாந்து பார்க்க, பலூன் மேகத்துக்குள் புகுந்து மறைந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஒருவர்.

முக்கால் மணி நேரம் கழித்து, 20 கிலோமீட்டர் தள்ளி கோனெஸ் என்ற கிராமத்தில் வந்து விழுந்தது அது. பாவம், அந்த ஜனங்களுக்கு என்ன தெரியும்? வானத்திலிருந்து ஒரு பிராணி இறங்கியிருக்கிறது. நெளிகிறது, மூச்சு விடுகிறது, நாற்றம் வேறு! கவைக்கோலும் கத்தியுமாகப் பாய்ந்து, குத்திக் கிழித்து, மிச்சத்தைக் குதிரை வாலில் கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள் என்பார்கள். இனி இப்படி எது விழுந்தாலும் பயப்படாதீர்கள் என்று அரசாங்கம் அறிவிப்பு போட வேண்டியதாயிற்று.

டிசம்பர் 1-ம் தேதி ஷார்ல் தானே ஏறிவிட்டார். ராபர்ட் சகோதரர்களில் ஒருவரோடு இரண்டு மணி நேரம் பறந்து இறங்கினார். கூட வந்தவர் இறங்கிக்கொள்ள, எடை குறைந்த பலூன் அவரை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்துக்கு எகிறியது. தரையில் அஸ்தமித்த சூரியனை மேலே போய் மறுபடி பார்த்தார். ஒரே நாளில் இரண்டு அஸ்தமனம்! காதில் தாங்க முடியாத வலி. இறங்கினார். அதற்கப்புறம் வாழ்நாளில் அவர் பலூனில் ஏறவே இல்லை.

பாரீஸ் முழுக்கப் பலூன் பைத்தியம் பிடித்து அலைந்தபோது, அந்த நகரத்தில் ஒருவர் மட்டும் வேறு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்துவான் லவாய்சியே. காசாளரின் புத்தியும் ரசாயனக்காரரின் கையும் சேர்ந்த மனிதர். பிழைப்பு, ராஜாவுக்காக வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்கு. ரசாயனத்திலும் அவர் பார்த்தது வரவு-செலவுக் கணக்குதான். உலோகம் எரிந்தால் அதிலிருந்து ஃப்ளாஜிஸ்டன் வெளியேறுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் எடை குறைய வேண்டும். கூடுகிறதே, எப்படி?

எரியும் காற்றைக் கொளுத்தினால் தண்ணீர் கிடைக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் மறுபடியும் நம் கேவண்டிஷ்தான். அவருடைய உதவியாளர் 1783-ல் பாரீஸ் வந்தபோது அதைச் சொன்னார். லவாய்சியே சட்டென்று பிடித்துக்கொண்டார். தண்ணீர் என்பது ஒரே பொருள் இல்லை, இரண்டு சேர்ந்தது. அமிலத்தில் உலோகம் கரையும்போது வரும் காற்று, அந்த அமிலத்தில் கலந்திருக்கும் தண்ணீர் உடைந்து வருவதாக இருக்கலாமே என்ற யோசனையை எடுத்துக்கொடுத்தவர் கணித மேதை லப்லாஸ்.

சோதித்துப் பார்த்துவிட்டால் போகிறது! லவாய்சியேயும், மூஸ்னியே என்ற ராணுவ எஞ்சினியரும் ஒரு துப்பாக்கிக் குழலைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, அதற்குள் நீராவியைச் செலுத்தினார்கள். அங்கே அமிலம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மறுமுனையில் வந்தது... அதே எரியும் காற்று! குழலின் எடையும் கூடியிருந்தது. உலோகம் எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காற்றுக்கு 1787-ல் 'ஹைட்ரஜன்' என்று பெயர் வைத்தார்கள். தண்ணீரை உண்டாக்குவது என்று பொருள்.

செம்பின் மர்மமும் இதில் பாதி விடுபட்டது. தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கத் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் பலம் இருக்கிறது, செம்புக்கு இல்லை. அவ்வளவுதான் என்றார் லவாய்சியே. கேவண்டிஷ் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு விளக்கமும் பொருந்தத்தான் செய்கின்றன, எனக்கென்னவோ பழையதே பிடித்திருக்கிறது என்கிற பாணியில் 1784-ல் எழுதினார். சில வருஷத்தில் ரசாயனத்தையே விட்டு ஒதுங்கி, பூமியின் அடர்த்தியை அளக்கப் போய்விட்டார்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. வரி வசூல் கம்பெனிக்காரர்களை ஜனங்களுக்கு அடியோடு பிடிக்காது. 1794 மே 8. லவாய்சியே உட்பட 28 பேரைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள். அதில் அவருடைய மாமனாரும் உண்டு. 'குடியரசுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை' என்று நீதிபதி சொன்னதாக ஒரு வசனம் பிரபலம். அது பின்னாளில் யாரோ கட்டிவிட்டது என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள்.

வசனம் பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் குடியரசுக்கு எது தேவைப்பட்டது தெரியுமா? எதிரிப் படையை உயரத்திலிருந்து உளவு பார்க்க ஒரு ஹைட்ரஜன் பலூன்! ஷார்ல் செய்ததுபோல் இரும்பையும் அமிலத்தையும் போட்டு நிரப்பிவிடலாம்தான். ஆனால் கந்தக அமிலத்துக்குக் கந்தகம் வேண்டும். கந்தகமோ வெடிமருந்துக்கே போதவில்லை. அமிலத்தைத் தொடாதே என்று உத்தரவு. வேறு வழி? சூளை கட்டி, இரும்புக் குழாய்களில் இரும்புச் சீவலைத் திணித்து, பழுக்கக் காய்ச்சி, உள்ளே நீராவியை விட்டார்கள். சாட்சாத் லவாய்சியேயின் துப்பாக்கிக் குழல்!

1794 ஜூன் 26. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃப்ளூரஸ் போர்க்களம். அந்தப் பலூன் நாளின் பெரும்பகுதி வானத்திலேயே நின்றது. மேலே இருந்த கூத்தெல் என்பவர், எதிரி எங்கே நகர்கிறான் என்று எழுதிக் கயிற்றின் வழியே கீழே அனுப்பிக்கொண்டிருந்தார். பிரான்ஸ் ஜெயித்தது. லவாய்சியேயின் தலை விழுந்து சரியாக ஏழே வாரம்! பலூன் படைக்காக முன்னின்று வாதாடியவர் கீதோன் த மார்வோ. லவாய்சியேயோடு உட்கார்ந்து ஹைட்ரஜனுக்குப் பெயர் வைத்த நால்வரில் ஒருவர். மூஸ்னியேயும் அதற்குள் உயிரோடு இல்லை. முந்தின வருஷம் மைன்ஸ் முற்றுகையில் இறந்துபோயிருந்தார்.

இத்தனைக்கும் லவாய்சியே சொன்னதும் முழுக்கச் சரியில்லை. எல்லா அமிலத்திலும் ஆக்ஸிஜன் இருக்கும் என்று அவர் நம்பினார். உப்புச் சாரத்தில் அது இல்லை, இருப்பது ஹைட்ரஜனும் குளோரினும்தான் என்று 1810-ல் நிறுவினார் ஹம்ஃப்ரி டேவி. அமிலங்களுக்குப் பொதுவான சொத்து ஹைட்ரஜன்தான். குமிழியாக வந்ததும் அமிலம் வைத்திருந்த அந்த ஹைட்ரஜனே. டேவி இதைச் சொன்ன அதே வருஷம் பிப்ரவரியில் கேவண்டிஷ் இறந்துபோனார்.

அப்படியும் செம்பு ஏன் சும்மா இருக்கிறது என்பது மிச்சம் நின்றது. இதற்கான துப்பு 1801-லேயே கிடைத்திருந்தது. வோலாஸ்டன் என்ற ஆங்கிலேயர், நீர்த்த அமிலத்தில் ஒரு துத்தநாகக் கம்பியையும் ஒரு வெள்ளிக் கம்பியையும் நிறுத்தினார். வெள்ளியும் செம்பைப் போலவே சாது. குமிழி விடாது. இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டார். வெள்ளியிலிருந்து குமிழிகள்! ஆனால், கரைவது என்னவோ துத்தநாகம்தான். நீங்கள் செம்பை வைத்தும் செய்து பார்க்கலாம். லேபில் அசையாத அதே செம்புக் கம்பி, துத்தநாகத்தைத் தொட்டவுடன் பொங்க ஆரம்பிக்கும்.

ஏதோ ஒன்று துத்தநாகத்திலிருந்து கிளம்பி, வெள்ளிக்குள் ஓடி, அங்கே அமிலத்தின் ஹைட்ரஜனைச் சந்திக்கிறது. எது ஓடுகிறது என்று தெரிய இன்னும் 96 வருஷம். எலெக்ட்ரான்! துத்தநாகம் எலெக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும். இரும்பு யோசித்துக் கொடுக்கும். வெள்ளீயம் மூக்கால் அழும். செம்பு, ஹைட்ரஜனுக்குக் கொடுக்கவே கொடுக்காது. 1897-ல் ஜே.ஜே. தாம்சன் அந்த எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த இடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். ஆய்வுக்கூடத்தின் பெயர்? கேவண்டிஷ்! அவருடைய குடும்பத்து வாரிசு ஒருவர் பணம் கொடுத்து, 1874-ல் திறந்தது.

சரி, அந்த மூன்று எண்களை எடுங்கள். 356, 412, 202. துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் மூன்றுமே இங்கே அணுவுக்கு இரண்டு எலெக்ட்ரான் கொடுக்கின்றன. எனவே, எந்த உலோகத்தின் அணு லேசோ, அதன் ஒரு அவுன்ஸில் அணுக்கள் அதிகம், காற்றும் அதிகம். அதனால்தான் இரும்பு ஜெயித்தது. துத்தநாகத்தின் 356-ஐ அப்படியே வைத்துக்கொண்டு இன்றைய அணு எடைகளால் கணக்குப் போட்டால் இரும்புக்கு 417, வெள்ளீயத்துக்கு 196 வருகிறது. அணு எடை என்ற சொல்லே பிறக்காத காலத்தில், தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த பாட்டிலை வைத்து, மனுஷர் எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார் பாருங்கள்!

பிறகு ஏன் தப்பான தீர்ப்பு? அவர் அமிலத்தைத் தாராளமாக ஊற்றினார். உலோகம் முழுக்கக் கரைந்து தீரும் வரை. முதலில் தீர்ந்தது உலோகம் என்பதால் காற்றின் அளவை உலோகமே முடிவு செய்தது. மாறாக அமிலத்தை அளந்து ஊற்றி, உலோகத்தை அள்ளிப் போட்டிருந்தால், துத்தநாகமோ இரும்போ... ஒரே அளவுதான் வந்திருக்கும். 'காற்று அமிலத்தின் சொத்து' என்று அன்றைக்கே எழுதியிருப்பார்.

அந்தச் சோதனையும் நடக்காமல் இல்லை. 1783 ஆகஸ்டில், பாரீஸில், ஷார்லின் பீப்பாய்களில். 250 கிலோ அமிலத்தால் அதிகபட்சம் 150 கிலோவுக்கும் குறைவான இரும்பைத்தான் கரைக்க முடியும். போட்டதோ 500 கிலோ. கரையாத மிச்ச இரும்பு பீப்பாயின் அடியில் கிடந்திருக்க வேண்டும். அப்போது எல்லோரும் அண்ணாந்து பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.